நோபேட் மாஸ்டர், 1931–2006

2025 செப்டம்பர் 8, திங்கள்

பிழை: வியாழக்கிழமைக் குறிப்பில் மேர்சி அன்ரியின் அப்பா 1993 ஏப்ரலில் இறந்தார் என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. அவர் இறந்தது 2006இல்.

ஒவ்வொரு நாளும் அன்றைய பிழையை முதலில் எழுத வேண்டும், மறுநாள் வேலையைக் கடைசியில் எழுத வேண்டும் என்பது திவாகரன் சேரின் சட்டம். எங்கள் மாலை நேர ஒலிப்பதிவு வகுப்பில் பதினொரு பேர். மற்றவர்கள் பெரும்பாலும் "பிழை: இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படி ஒரு நாளும் வாய்த்ததில்லை. பகலில் பாமசியில் வேலை செய்கிறேன். அங்கே பெட்டியில் உள்ள பெயரை மூன்று தரம் வாசித்த பிறகுதான் மருந்தைக் கொடுப்பேன். அப்படிப்பட்ட நான் இந்த ஆண்டை ஒரு தரம்கூடச் சரிபார்க்கவில்லை. அன்ரியின் குழு வெளியிட்ட இசைத்தட்டின் அட்டையிலிருந்து அப்படியே எடுத்துவிட்டேன். அட்டையின் பின்பக்கத்தில், கீழே, சிறிய எழுத்தில் இருக்கிறது: "இந்த இசைத்தட்டு, 1993 ஏப்ரலில் எம்மை விட்டுப் பிரிந்த மேர்சியின் அப்பா நோபேட்டுக்கு." அச்சில் இருந்ததால் நம்பினேன்.

நேற்று மாலை, வியாழன் எழுதியதைச் சத்தமாக வாசித்து, எத்தனை நிமிடம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஆர் மனே, நம்மட நோபேட் மாஸ்டரா? தொண்ணூத்தி மூண்டிலயா மோசம்போனவர்?"

"ஓம் அம்மா, அட்டையில போட்டிரிக்கு."

"அட்டையில போட்டா? தொண்ணூத்தி நாலில எனக்குக் கணக்குப் படிப்பிச்சவர் கா அவர். ஓ.எல். சோதனை எழுதப் போகக்குள்ள முதுகில தட்டி அனுப்பினவர். ஆவியா வந்தா தட்டினவர்?"

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் கல்லறைக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், வேப்பமரத்தின் பக்கம். 1931–2006. அம்மா சொன்னது சரி.

இந்த வேலை எப்படி என்னிடம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், பிறகு எனக்கே குழம்பிவிடும். மேர்சி அன்ரி எங்கள் ஊர்தான், புளியந்தீவுக்காரர். 1986இல் ஆய்வுகூட வேலை படிக்க லண்டன் போனவர். இங்கே மெதடிஸ்த ஆலயத்தில் ஓகன் வாசித்ததைத் தவிர அவருக்கு வேறு இசை தெரியாது. அங்கே ஒரு வைத்தியசாலைச் சிற்றாலயத்தில் அவர் வாசித்ததை, நோயாளி ஒருவரைப் பார்க்க வந்த டெஸ்மன்ட் என்ற பேஸ் கிற்றார்காரர் கேட்டிருக்கிறார். "வலது கையை மடியில வைச்சிட்டு இடது கையால மட்டும் வாசியுங்க" என்றாராம். அப்படித்தான் 1990இல் 'லோவர் டிப்போ' குழுவில் அன்ரி கீபோட் வாசிக்கச் சேர்ந்தார். கைவிடப்பட்ட பஸ் டிப்போ ஒன்றில் பயிற்சி செய்ததால் அந்தப் பெயர். ஆறு பேர். அசிட் ஜாஸ், ஃபங்க் என்று அந்த இசைக்குப் பெயர். எங்கள் வகுப்பு ஷிஹான் கேட்டுவிட்டு, "பைலா ஆட்டப்பாட்ட ஏசி ரூமுக்குள்ள வைச்ச மாதிரி இரிக்கு" என்றான். 1992இல் ஒரு பாட்டு கொஞ்சம் பேசப்பட்டது. 1993இல் முதல் இசைத்தட்டு. 1994இலும் 95இலும் ஜப்பான் போனார்கள், அங்கேதான் அவர்களுக்கு ஆட்கள் அதிகம். 97இல் அவர்களை வெளியிட்ட நிறுவனம் மூடப்பட்டது. 98இல் குழு கலைந்தது. அன்ரி வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் ஓய்வு வரை வேலை செய்துவிட்டு 2019இல் ஊருக்கு வந்துவிட்டார்.

இப்போது அங்கே ஒரு சிறிய நிறுவனம் அந்த முதல் இசைத்தட்டைத் திரும்ப வெளியிடுகிறது. கூடவே ஒரு கையேடு. டெஸ்மன்ட்தான் எல்லாம் சேர்க்கிறார். அன்ரியிடம் இரண்டு கேட்டிருக்கிறார்: அப்பாவின் படம் ஒன்று, மூன்று நிமிடம் அவருடைய குரல். குரலைப் பதிவு செய்ய அன்ரி எங்கள் ஸ்ரூடியோவைக் கேட்க, சேர் அதை என் இறுதி வேலையாகத் தந்துவிட்டார்.

படம் அனுப்ப இன்றுதான் கடைசி நாள். ஆறு பத்துக்கு ஸ்கான் செய்து, கீழே விவரம் எழுதி, வகுப்பு மின்னஞ்சலிலிருந்து டெஸ்மன்ட்டுக்கு அனுப்பினேன். "நோபேட் மாஸ்டர், 1931–2006. கணித ஆசிரியர், ஆலயப் பாடகர் குழுத் தலைவர்." அன்ரி படத்தைத் தரும்போது "பேரை மட்டும் போடு மகள்" என்றுதான் சொன்னார். அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆண்டு இல்லாத விவரம் அரைகுறையாகத் தெரிந்தது.

நாளை: குழுவின் ஒரே வீடியோவைப் பார்த்துக் குறிப்பெடுத்தல்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பிழை: ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் கேட்டேன்.

வீடியோவில் அன்ரி இல்லை. 1993 ஏப்ரல் 9, மன்செஸ்ரர் என்று கீழே போட்டிருக்கிறது. கீபோட்டில் யாரோ மஞ்சள் தலைமுடி ஆள். இந்த வீடியோவைப் பற்றிப் போன கிழமை அன்ரியிடம் கேட்டபோதே "அண்டைக்கு எனக்குச் சுகமில்ல" என்றார். நடுவில் பாடகி யோலண்டா மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். பிறகு ஒரு நிமிடம் முழு மண்டபமும் அசையாமல் நிற்கிறது.

"என்ன, கரண்ட் போயிட்டா?" என்றான் ஷிஹான்.

நான்கு தரம் திருப்பிக் கேட்டேன். "எங்கள் மேர்சியின் அப்பா இந்தக் கிழமை இறந்துவிட்டார். அவருக்காக ஒரு நிமிடம்" என்கிறார் யோலண்டா.

அப்படியென்றால் அட்டை மட்டுமல்ல, மண்டபத்தில் நின்ற அவ்வளவு பேரும் பிழையா? கல்லில் பிழையாக வெட்டியிருக்கலாமோ? இரண்டு நோபேட் இருந்தார்களோ? அம்மா இன்னொரு மாஸ்டரை நினைக்கிறாரோ? வீட்டுக்கு வந்து இசைத்தட்டின் கடைசிப் பாட்டைப் போனில் போட்டேன். அது பாடல் வரி இல்லாத மெதுவான இசை. பெயர் 'நோபேட்டுக்கு'.

அம்மா குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்தார். "இது எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படியம்மா தெரியும்?"

"சனிக்கிழமை ரியூசன் முடிய மாஸ்டர் போடுவார். அவ லண்டனில இரிந்து கசட் அனுப்பினவ. வெறுங்கசட், அட்ட ஒண்டும் இல்ல. 'இது என்ர மகள்ர பாட்டு. இதுக்கு இன்னும் பேர் வைக்கல்லயாம். எல்லாரும் ஒவ்வொரு பேர் எழுதித் தாங்க, நான் அனுப்புறன்' எண்டவர். நான் 'மழை விட்ட பிறகு' எண்டு எழுதிக் குடுத்தன். எந்தப் பேர எடுத்தவ எண்டு ஒவ்வொரு சனியும் கேப்பம். 'அவவுக்கு நேரமில்ல, எழுதுவா' எண்டுவார். கடைசி வரைக்கும் தெரியாது. நீ மேர்சி மிஸ்ஸிட்டக் கேட்டுக்கொண்டு வா கா."

"'நோபேட்டுக்கு' எண்டு வைச்சிரிக்காங்க அம்மா."

"அப்ப எங்கட ஒண்டையும் எடுக்கல்ல." அம்மா கையைச் சேலையில் துடைத்தார். "தகப்பன்ர பேர வைச்சிரிக்கா, நல்லதுதான். மாஸ்டருக்குத் தெரிஞ்சிரிந்தா சைக்கிளில ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சிரிப்பார்."

நாளை: அன்ரியின் குரல் பதிவு, 5.15.

செப்டம்பர் 10, புதன்

பிழை எது என்று இன்று எழுதத் தெரியவில்லை.

வகுப்புக்கு வந்ததும் மின்னஞ்சலைத் திறந்தேன். டெஸ்மன்ட் பதில் போட்டிருந்தார். படம் மிக அழகாக இருக்கிறதாம். ஆண்டில் மட்டும் ஒரு சின்னத் தட்டச்சுப் பிழை இருக்கிறது போல, 1993 என்று திருத்திவிடட்டுமா, 17ஆம் திகதி அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி: "குழு கலையும் வரை ஒவ்வொரு இரவும் அவருடைய பாட்டோடுதான் முடித்தோம் என்று மேர்சிக்கு ஞாபகப்படுத்துங்கள்."

அன்ரி சரியாக ஐந்தேகாலுக்குக் குடையோடு வந்தார். ஸ்ரூடியோவில் பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். அதனால் அவர் வியர்வை துடைக்கச் சின்னத் துவாய் ஒன்றும் கொண்டு வந்திருந்தார். நான் கடிதத்தைத் திரையில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றவில்லை.

"ஆண்டு போடச் சொன்னனா நான்?"

"இல்ல அன்ரி."

"பேர மட்டும் போடு எண்டுதானே சொன்னன்."

"ஓம் அன்ரி."

"பிறகு?"

"அட்டையில இரிந்த ஆண்டு பிழை எண்டு அம்மா சொன்னா. கல்லறையில போய்ப் பாத்தன்."

"கல்லறைக்கும் போயிட்டியா! நீ பாமசியில இரிக்கிற ஆள் இல்ல புள்ள, பொலிசில சேந்திரிக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. மைக் திறந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஷிஹான் மெதுவாக ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனான். அவனை நான் குறைத்து நினைத்திருக்கிறேன்.

"அவனுக்கு எழுது," என்றார் அன்ரி. "பிழை உன்ர எண்டு எழுது. தொண்ணூத்தி மூண்டுதான் சரி எண்டு. முடிஞ்சிது."

"ஆனா அன்ரி, கல்லில..."

"கல்ல அவன் வந்து பாக்கப்போறானா? எழுது மகள்."

எழுதினேன். மூன்று வரி. "மன்னிக்கவும், பிழை என்னுடையது" என்ற வரி ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. வாழ்க்கையில் நான் அதிகம் எழுதியது இந்த வரியாகத்தான் இருக்கும். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தபோதுதான் நின்றேன். இதுவரை எழுதிய தரமெல்லாம் உண்மையிலேயே பிழை என்னுடையதாக இருந்தது.

"நாளைக்கு அனுப்புறன் அன்ரி. இன்னொரு தரம் வாசிக்கணும்."

"மூணு வரிய வாசிக்க ஒரு நாளா?" என்றார். குடையை எடுத்துக்கொண்டு, குரல் பதியாமலே போய்விட்டார். துவாயை நாற்காலியில் மறந்துவிட்டார்.

நாளை: துவாயைக் கொடுத்தல்.

செப்டம்பர் 11, வியாழன்

துவாயைக் கழுவி, மத்தியானத்துக்குள் காயவைத்து எடுத்துக்கொண்டு, வகுப்புக்கு முன் அன்ரியின் வீட்டுக்குப் போனேன். திட்டு வாங்குவேன் என்று நினைத்துப் போனேன். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தந்தார். அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

"உனக்குச் சொல்லாட்டி நீ இன்னும் எங்கயெல்லாம் போய்ப் பாப்பியோ," என்று தொடங்கினார். கேட்டதை ஒழுங்கில் எழுதுகிறேன்.

1993 ஏப்ரல் 9 பெரிய வெள்ளி. அன்ரியின் வீட்டில் வியாழன் மாலை ரேடியோவை நிறுத்தினால் உயிர்ப்பு ஞாயிறு காலைதான் போடுவார்கள். மாஸ்டர் ஆர்மோனியத்தின் மேல் வெள்ளைத் துணி போட்டு மூடிவிடுவார். அந்த மூன்று நாளும் வீட்டில் யாரும் வாய்க்குள்ளும் பாட்டு முணுமுணுக்க மாட்டார்கள். லண்டனிலும் அன்ரி அதை விடவில்லை. அதுவரை அந்த நாட்களில் நிகழ்ச்சி எதுவும் வராததால் குழுவில் யாருக்கும் அது தெரியாது. அந்த வருடம் மன்செஸ்ரர் நிகழ்ச்சிக்குத் திகதியை மட்டும் பார்த்துவிட்டு ஓம் என்றுவிட்டார். படம் எடுக்கிறார்கள், குழுவுக்கு அதுதான் பெரிய வாய்ப்பு. புதன்கிழமை மாஸ்டரின் கடிதம் வந்தது. 'பெரிய வெள்ளி மூன்று மணி ஆராதனைக்கு உன் இடத்தில் நானே வாசிக்க வேண்டியிருக்கிறது, என் விரல் உன் விரல் போல் ஓடாது' என்று எழுதியிருந்தார்.

"அப்பதான் அண்டைக்குப் பெரிய வெள்ளி எண்டு எனக்குத் தெரியும்."

"அதச் சொல்லியிரிக்கலாமே அன்ரி."

"டெஸ் என்ன 'சிஸ்டர்' எண்டுதான் கூப்பிடுவான். கன்னியாஸ்திரி மாதிரி எண்டு பகிடி. நான் ஓகன்காரி இல்ல, நானும் ஃபங்க் வாசிக்கிற ஆள் எண்டு காட்டத்தான் மூணு வருசம் பட்ட பாடு. அதுக்குள்ள போய், பெரிய வெள்ளிக்கு நான் வாசிக்க மாட்டன் எண்டு சொல்லச் சொல்றியா? வெக்கம் மகள். வேற ஒண்டுமில்ல, வெக்கம்."

அதனால் தெருமுனைப் போன் பெட்டியிலிருந்து டெஸ்மன்ட்டுக்கு எடுத்து, அப்பா செத்துப்போனார் என்று சொல்லியிருக்கிறார்.

"இஞ்ச அரசாங்க ஒப்பீசில லீவு எடுக்கிறவன் எத்தினை பேர் அம்மம்மாவ ரெண்டு மூணு தரம் மேல அனுப்பி வைச்சிரிக்கான். திங்கக்கிழமை வந்தா 'எல்லாம் முடிஞ்சிதா?' எண்டு கேப்பாங்க, 'ஓம்' எண்டா சரி. ஆரும் அதுக்கு மேல கேக்க மாட்டாங்க, அவங்களும் சொன்ன ஆக்கள்தானே. நான் அந்த நினைப்பில சொல்லிப்போட்டன். அங்க அப்படி ஆரும் சொல்றதில்ல. சொன்னா நம்புவாங்க."

சனிக்கிழமை காலை ஐந்து பேரும் வேனோடு அவருடைய வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள். கறுப்பு உடுப்பு, பூ, பெரிய சட்டியில் சோறு. யோலண்டாவின் அப்பா அதற்கு முந்திய வருடம்தான் இறந்திருந்தார். அவர் அன்ரியைக் கட்டிப்பிடித்து அழுதாராம்.

"நானும் அழுதன். உண்மையாத்தான் அழுதன். என்னத்துக்கு எண்டு அவங்களுக்குத் தெரியாது. ஏன் ஊருக்குப் போகல்ல எண்டு கேட்டாங்க. யுத்தம், பாதை பூட்டு எண்டன். யுத்தம் எண்டதும் எல்லாரும் தலையக் குனிஞ்சிட்டாங்க. அதயும் பாவிச்சன் நான்."

அடுத்த மாதம் யோலண்டா அந்த மெதுவான இசையை எழுதிக்கொண்டு வந்தார். அட்டையில் அந்த வரி போடப் போகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அன்ரியிடம் இருக்கவில்லை. அதன் பிறகு ஐந்து வருடம், ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும், ஜப்பானிலும், விளக்கைக் குறைத்துவிட்டு, புளியந்தீவில் சைக்கிளில் திரிந்துகொண்டிருந்த அப்பாவின் நினைவாக அன்ரி வாசித்திருக்கிறார்.

"ஒவ்வொரு இரவும் அது வரக்குள்ள, இண்டைக்குச் சொல்லிடுவம் எண்டு நினைப்பன். வாசிச்சு முடிய எல்லாரும் வந்து தோளத் தொடுவாங்க. பிறகு எப்படிச் சொல்ற? ரெண்டு கிழமை கழிச்சுச் சொல்லியிரிந்தா பகிடியா முடிஞ்சிரிக்கும். ரெண்டு வருசம் கழிச்சு அது பகிடி இல்ல."

இசைத்தட்டை அனுப்பச் சொல்லி மாஸ்டர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாராம். அட்டையை எப்படி அனுப்புவது? அன்ரி கசட்டில் பதிந்து அட்டை இல்லாமல் அனுப்பினார். மாஸ்டர் பாட்டின் பெயரைக் கேட்டார். இன்னும் வைக்கவில்லை என்று அன்ரி எழுதினார். 2006இல் மாஸ்டர் உண்மையாக இறந்த செய்தி வந்தபோது, டெஸ்மன்ட் அன்ரியின் வீட்டில் அலுமாரிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். நெஞ்செரிவு என்றாராம் அன்ரி. தனியாக விமானம் ஏறி, அடக்கம் முடிந்து நான்காம் நாள் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

"முதல் தரம் செத்தப்ப ஆறு பேர் இரிந்தம். ரெண்டாம் தரம் நான் மட்டும்தான்."

நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்று இப்போதும் யோசிக்கிறேன். அம்மாவின் சனிக்கிழமை ரியூசன், கசட், பெயர்கள், 'மழை விட்ட பிறகு' எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்கச் சொன்னதையும் கேட்டேன்.

அன்ரி எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. போய்விடலாமா என்று செருப்பைத் தேடினேன். அப்போது ஒரு பிஸ்கட் தகரத்தோடு வந்தார். அதற்குள் நீலக் கடித உறைகள். ஒன்றைப் பிரித்துத் தந்தார். கணக்கு எழுதும் கட்டக் கொப்பித் தாள். மாஸ்டரின் நிமிர்ந்த எழுத்தில் பதினான்கு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பிள்ளையின் பெயர். 'கல்லடிக் காற்று.' 'கடைசி பஸ்.' ஒருவன் 'கணக்குப் பாடம்' என்று எழுதியிருந்தான். ஒன்பதாவது: 'மழை விட்ட பிறகு – சுலோஜனா.'

"இத வாசிச்சிட்டு மடிச்சு வைச்சன். பதில் போடல்ல. பிள்ளைகள் காத்துக்கொண்டு இரிப்பாங்க எண்டு நான் யோசிக்கவே இல்ல." தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஒவ்வொரு சனியுமா போட்டவர்?"

"அம்மா அப்படித்தான் சொன்னா."

"அப்ப அவர்ர செத்தவீட்டுப் பாட்ட அவரே..." என்று தொடங்கியவர் தகரத்தை மூடினார்.

நான் எழுதிய மூன்று வரியை அனுப்பவா வேண்டாமா என்று வாசலில் நின்று கேட்டேன்.

"திங்கக்கிழமை வரைக்கும் வைச்சிரு," என்றார். "டெஸ் ஞாயிறு எடுப்பான். முப்பத்தைஞ்சு வருசமா ஞாயிறு எடுக்கிறவன். யோலண்டா நாலு வருசத்துக்கு முதல் போயிட்டா. அவவுக்குச் சொல்ல ஏலாது. இனி இவன் ஒருத்தன்தான் மிச்சம். இவனும் கதைக்காம விட்டா எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்ல மகள்."

வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் பிந்திப் போனேன். வீட்டில் அம்மா வாசலிலேயே கேட்டார். "மிஸ்ஸிட்டக் கேட்டியா?" நீங்கள் கொடுத்த பேரையும் மாஸ்டர் எழுதி அனுப்பியிருக்கிறார், நான் கண்ணால் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். "எத்தினையாவதா?" என்றார். ஒன்பதாவது என்றேன். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

பிழை: ஆண்டு அல்ல. அன்ரியைக் கேட்காமல் அனுப்பியது. இதை எட்டாம் திகதியே எழுதியிருக்க வேண்டும்.

அன்ரி இன்று ஐந்துக்கே வந்துவிட்டார். டெஸ்மன்ட் நேற்று எடுத்தாராம். முழங்கால் வலி, அங்கே மழை, இங்கே வெயில் எல்லாம் கதைத்திருக்கிறார்கள். ஆண்டைப் பற்றி அவர் கேட்டதற்கு, அந்தப் பிள்ளை எழுதும் என்று சொல்லியிருக்கிறார்.

"போனில வாய் வரல்ல. அவன்ர குரலக் கேட்டுக்கொண்டு சொல்ல ஏலாது. மைக்குக்குச் சொல்றன். மைக் திரும்பிக் கதைக்காது."

"அப்ப அந்தக் கடிதம் அன்ரி?"

"அத அழி. உன்ர தலையில போட நினைச்சன். நீயும் ஓம் எண்டுட்டாய். நீ அப்படி எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லக் கூடாது புள்ள."

"ஓம் அன்ரி," என்றேன். அவர் என்னைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஷிஹான் கண்ணாடிக்குப் பின்னால் சத்தமில்லாமல் சிரித்தான்.

மின்விசிறியை நிறுத்தினோம். முதல் பதிவில், ஆங்கிலத்தில், "என் அப்பா" என்ற சொல்லோடு நின்றுவிட்டார். இரண்டாவதும் அப்படி. மூன்றாவதில் இரண்டு வரி வந்தது, வெளியே பாணும் கேக்கும் விற்றுத் திரியும் பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. நான்காவதில் பெரிய வெள்ளியைச் சொல்லாமல், யுத்தத்தைச் சொல்லத் தொடங்கினார். கையைக் காட்டித் தானே நிறுத்தினார்.

"ஒருக்கா நம்மட பாஷையில சொல்லிப் பாக்கட்டா?"

"டெஸ்மன்ட்டுக்கு விளங்காதே அன்ரி."

"அவனுக்கில்ல. எனக்கு இது எந்தப் பாஷையிலயும் சொல்லிப் பழக்கமில்ல."

பதிவை ஓடவிட்டேன். நான்கு நிமிடம் பத்து செக்கன். அதில் உள்ளதை எழுதப்போவதில்லை, வியாழன் குறிப்பில் எல்லாம் இருக்கிறது. ஒன்று மட்டும் புதிது. "அப்பா, உங்களுக்கு ஒண்டும் நடக்கல்ல, நான் வெக்கத்தில சொன்னது" என்று ஓரிடத்தில் மாஸ்டரிடமே சொல்கிறார். அதைச் சொல்லும்போது மைக்கைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார். இடது கை மேசையில் இருந்தது. விரல்கள் அசைந்தன, ஆனால் சத்தம் பதியவில்லை. முடிந்ததும் துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"நல்லா இல்ல, என்ன?"

"சத்த அளவு கொஞ்சம் குறைவா பதிஞ்சிரிக்கு. நாளைக்கு இங்கிலிஷில பதியக்குள்ள கூட்டி வைக்கிறன்."

நான் சொல்லியிருக்க வேண்டியது அதுவல்ல.

போகும்போது வாசலில் நின்றார். "அவன் என்ன செய்வான் எண்டு நினைக்கிறாய்?"

"தெரியாது அன்ரி."

"எனக்கும் தெரியாது. முப்பத்திரண்டு வருசம் அவனும் ஏப்ரல் ஒன்பதுக்கு மெழுகுதிரி கொளுத்தினவன்." குடையை விரித்தார், மழை இல்லாமலே. "கையேட்டில அந்த அட்டை வரி இரிக்கட்டும், அது அப்ப அவங்க போட்டது. படத்துக்குக் கீழ நீ போட்டது இரிக்கட்டும். ரெண்டையும் பாத்துக் கேக்கிறவன் கேக்கட்டும்."

சேர் கையெழுத்துப் போடும்போது இன்றைய பிழையை இரண்டு தரம் வாசித்தார்.

நாளை, செவ்வாய்: 5.00க்குப் போய் ஸ்ரூடியோவைத் திறத்தல். மைக்கின் அளவைக் கூட்டிவைத்தல். பாண்காரர் 5.40க்குக் கடப்பதால் 5.45க்குப் பதிவைத் தொடங்குதல். மேர்சி அன்ரி, ஆங்கிலத்தில், மூன்று நிமிடம். வெட்டாமல், திருத்தாமல், அன்றைக்கே டெஸ்மன்ட்டுக்கு அனுப்புதல். கூடவே ஒரு வரி: 2006 என்பதே சரி.